உள்ளே இருப்பவர்

சுள்ளி சர்வர் அறைக்குள் நுழைந்தபோது, மேனேஜர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல பகல். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கம்ப்யூட்டர்களுக்காக வைத்த ஏசி குளிரில் பற்கள் தந்தியடித்தன. சுள்ளி என்பது ஆபீஸ் வைத்த பெயர். சட்டென்று பற்றிக்கொள்வாள்.

"உங்க அண்ணன் இன்னைக்கும் வந்திருக்காரும்மா," என்றார் மேனேஜர், திரையைப் பார்த்தபடி.

அண்ணன் போன வருஷம் செத்துவிட்டான். செத்ததும் இதே அறையில்தான். இங்கே உள்ளே வரவும் கார்டு வேண்டும், வெளியே போகவும் கார்டு வேண்டும். யார் அடிக்கடி டீ குடிக்கப் போகிறார்கள் என்று பிடிக்க மேனேஜர் செய்த ஏற்பாடு. ஒருநாள் வாய்ச்சண்டையில் அண்ணனை வேலையைவிட்டு நிறுத்தி, கையோடு அவன் கார்டையும் ரத்து செய்தார். அண்ணன் அப்போது உள்ளே இருந்தான். தீயணைக்கும் வாயு எதற்கோ திறந்துகொண்டது. அது நெருப்பின் மூச்சை அடைக்கும். மனிதனுக்கும் பாரபட்சம் காட்டாது. மேனேஜர் அவசரமாகக் கார்டுக்கு மறுபடி உயிர் கொடுத்தார், விசாரணைக்கு வருபவர்கள் பார்ப்பார்களே என்று. அவர்களும் 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு டீ குடித்துப் போனார்கள்.

சுள்ளிக்கு அந்த வரியை நினைத்தாலே வயிறு எரியும்.

"ஆடிட்டர் வர்றாரு. செத்தவன் பேர்ல தினம் கதவு திறந்தா என் கழுத்துக்குத்தான் கத்தி. அவர் பேரை அழிச்சுடு."

"அழியாது சார். இந்த டேட்டாபேஸ்ல எல்லாமே அவன் பேர்லதான் இருக்கு. சொந்தக்காரனை வெளிய தள்ள அது விடாது."

"அப்ப உள் டேபிள்லயே கை வை."

உள் டேபிள் என்பது டேட்டாபேஸ் தனக்காக வைத்திருப்பது. தன்னிடம் யார் யார் உண்டு, எது எது உண்டு என்று அதைப் பார்த்துத்தான் அது தெரிந்துகொள்ளும். கதவும் டேட்டாபேஸைக் கேட்டுத்தான் கார்டை ஏற்கும்.

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது சார். கேள்வியே கேக்காது. சொன்னதைச் செஞ்சுடும்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கீபோர்டு தட்டினவன் நான். தள்ளி நில்லு."

அண்ணன் போய்விட்டால் மிச்சம் எப்படி இருக்கும் என்று முதலில் பார்த்துக்கொண்டார். 'அவனைத் தவிர மற்ற எல்லோரையும் காட்டு' என்றார். காட்டியது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அதே வரியில் 'காட்டு' என்பதை மட்டும் 'அழி' என்று மாற்றினார்.

'தவிர' அப்படியே இருந்தது.

சுள்ளி கத்துவதற்குள் தட்டிவிட்டார்.

டேட்டாபேஸைப் பொறுத்தவரை உலகத்தில் இப்போது ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அவன் செத்தவன்.

மேனேஜர் கதவில் கார்டை வைத்தார். சிவப்பு. சுள்ளி வைத்தாள். சிவப்பு.

அந்துருண்டை வாசம் வந்தது.

குளிருக்காக அண்ணன் போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டரின் வாசம் அது.

தலைக்கு மேலே, வாயு திறக்கப்போகிறது என்று எச்சரிக்கும் சங்கு ஊளையிடத் தொடங்கியது.

மேனேஜர் கதவைக் கையால் அறைந்தார். கதவடியில் மண்டியிட்டார். "உங்க அண்ணன்கிட்ட சொல்லும்மா," என்று கிசுகிசுத்தார்.

"நீங்களே சொல்லுங்க. கவனக்குறைவு யாருதுன்னு சொல்லுங்க."

"என்னுதுதான்... நான்தான் கார்டை நிறுத்தினேன்..."

டக், டக்.

திறப்பதற்கு முன் கார்டின் விளிம்பால் இரண்டு தட்டு தட்டுவது அண்ணனின் பழக்கம்.

பச்சை.

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. சுள்ளி வெளியே வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொள்ளப் பார்த்தது. ஒரு கணம், மூடட்டும் என்றுதான் நினைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு காலை நடுவில் வைத்தாள்.

"விடுண்ணா. இந்த ஆள் மாதிரி நாமளும் ஆக வேணாம்."

கதவு அவள் காலை நெரித்தது. யோசித்தது. விட்டது. மேனேஜர் தவழ்ந்து வெளியே வந்தார்.

நேற்று எடுத்து வைத்திருந்த நகலைப் போட்டு எல்லோரையும் மீட்டாள் சுள்ளி. எல்லோரும் சரியாகத்தான் இருந்தார்கள். ஒரே ஒரு வரிதான் இடித்தது. 'அறைக்குள் இருப்பவர்: மேனேஜர்.' நேற்றைய நகலில் இன்றைய வரி எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அழிக்கப் பார்த்தால், அது வேறொருவருக்குச் சொந்தமானது என்று மறுத்தது. யாருக்கு என்று கேட்டாள். அண்ணன் பெயர் வந்தது.

மேனேஜர் இப்போது மொட்டை வெயிலிலும் நடுங்குகிறார். அவர்மேல் அந்துருண்டை நாறுகிறது. தினம் வந்து, அறைக்கு வெளியே மாற்றிப் போட்ட சுள்ளியின் மேஜைக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"உள் டேபிள்ல கை வச்சாவது என்னை வெளிய எடும்மா."

"அதுல யாரும் கை வைக்கக் கூடாது சார்."

அப்போது பூட்டிக் கிடக்கும் அந்த அறைக்குள்ளிருந்து யாரோ கதவைக் கையால் அறைகிற சத்தம் கேட்கும். மேனேஜர் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொள்வார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருக்கும்.

பிறகு, ரொம்பப் பொறுமையாக, டக், டக்.

விளக்கு பச்சையாவதில்லை.