உள்ளங்கை அகலம்

நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து இருநூறு ரூபாய். கவினேஷ் மௌலிக்குத் தர வேண்டிய பாக்கி. பன்னிரண்டு சுருள் ஒலியுண்ணிப் பாயின் விலை. வாங்கி மூன்று வருஷமாகிறது. மௌலி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால்கூடத் தேவலை. நாலு பேர் முன்னால் சட்டையைப் பிடித்திருந்தால் இன்னும் தேவலை. சுருளின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டு, கவினேஷே வலியக் கொண்டுபோய்க் கொடுத்ததுதான் அந்தக் கடன் சீட்டு. மௌலி அதைப் படித்துக்கூடப் பார்க்காமல் பட்டறையின் முன்சுவரில் ஓர் ஆணியில் குத்திவிட்டான். கவினேஷின் பட்டறை நேர் எதிரே. குனிந்து நிமிரும்போதெல்லாம் அந்த அட்டை கண்ணில் படும். காற்றடித்தால் ஆடும்.

சங்ககிரிப் புறவழிச்சாலை பதினாறு தடமாகி, அதன் தலைக்கு மேலே சரக்கு வானவண்டிகள் நிமிஷத்துக்கு நாலு என்று பறக்கத் தொடங்கியதிலிருந்து ஊரில் சாதாரணப் பேச்சு நின்றுபோயிருந்தது. கூடத்தில் கத்தினால் அடுப்படிக்குக் கேட்காது. கடையில் விரலைக் காட்டித்தான் விலை. பட்டறைகளில் காதில் செவிமூடி, பேச்சுக்குக் கை.

அந்தச் சமயத்தில்தான் ஒலியுண்ணி வந்தது. எங்கோ ஆழச் சுரங்கத்தில் கண்டெடுத்த சாம்பல் நிறப் பாசி. வெயிலோ தண்ணீரோ அதற்கு வேண்டாம், அதிர்வைத் தின்று உயிர் வாழும். செங்கல் சுவரில் ஒட்டினால் மூன்று நாளில் காய்ந்து உதிர்ந்துவிடும். நடுங்குகிற மெல்லிய தகரத்தில்தான் வேர் பிடிக்கும். ஆகவே வீட்டுக்கு ஆகாது, காருக்கு ஆகும் என்று ஆனது.

கார் தானாக ஓடுகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வேலை ஒன்றுமில்லை. வீட்டில் பேச முடியாததையெல்லாம் ஜனங்கள் காரில் வைத்துக்கொண்டார்கள். பெண் பார்ப்பது காரில். பாகம் பிரிப்பது காரில். பிள்ளைக்கு வாத்தியார் பாடம் சொல்வது காரில். புருஷன் பெண்டாட்டி சண்டை போடுவதென்றாலும் "வண்டிக்கு வா, பேசிக்கலாம்" என்றுதான் சைகை காட்டினார்கள்.

கவினேஷும் மௌலியும் ஒரே முதலாளியிடம் தொழில் பழகியவர்கள். இருக்கையைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, தகரத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். எங்கே தகரம் மேளமாக அதிர்கிறது என்று முட்டிக்குத் தெரியும். பிறகு துடைத்து, பாயை விரித்து, கை உருளையால் அழுத்தி அழுத்தித் தேய்ப்பார்கள். சாயங்காலம் முட்டியைத் தவிர மற்ற இடமெல்லாம் மரத்துப் போயிருக்கும்.

கவினேஷ் போட்ட பாயில் ஊசி நுழைய இடமிருக்காது. கதவு, தரை, கூரை, சக்கரக் குழி, எல்லாம் ஒரே தோல் மாதிரி. ஒலிமானியை உள்ளே வைத்தால் ஆறு காட்டும். மௌலியின் வண்டியில் வைத்தால் இருபத்தொன்று. கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தும், மௌலியின் வாசலில் பதினைந்து வண்டி நின்றது. கவினேஷின் வாசலில் இரண்டு.

ஒருநாள் தேங்காய் மண்டிக்கார அம்மாள் ஒருத்தி வந்து, கவினேஷ் முடித்து வைத்திருந்த காரில் ஏறிக் கதவைச் சாத்திப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் ஏறி உட்கார்ந்த கவினேஷைப் பார்த்துக் கையைக் குறுக்கே ஆட்டினாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. உங்க வேல சுத்தந்தானுங். ஆனா உள்ள உக்காந்தா கெணத்துல எறங்குன மாதிரி காது அடைக்குது. மௌலி போட்ட வண்டில சன்னமா ஒரு ஓசை வந்துட்டே இருக்குது. மனசுக்குத் தெம்பா இருக்குதுங்."

"சத்தம் கேக்கறதுக்கா காசு குடுக்கறீங்க? அதுக்கு ரோட்டுலயே நிக்கலாமே!"

"அதென்னமோ போங்க" என்று இறங்கிச் சாலையைத் தாண்டிப் போனாள். எதிரே மௌலி அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கவினேஷுக்கு நெஞ்சில் அனலாக இறங்கியது. அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் அட்டை ஆடிக்கொண்டிருந்தது.

ஆவணி மாசம், மௌலி பாய் போட்ட ஒரு கார் கதவு நசுங்கி கவினேஷிடம் வந்தது. அன்றைக்கு மௌலியின் பட்டறையில் இடமில்லை. கவினேஷ் கதவின் உள்தட்டைக் கழற்றினான். பாய் அழகாகத்தான் படிந்திருந்தது. ஆனால் கீழ் மூலையில் ஓரிடம் வெறும் தகரம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தான், சரியாகப் பொருந்தியது. ஓரமெல்லாம் கத்தியால் நறுக்கிய சுத்தம், மறந்து விட்ட இடமல்ல. அடுத்த கதவைத் திறந்தான். அதிலும் ஒன்று. இருக்கைக்கு அடியில், கூரையில், பின்பக்கத்தில். மொத்தம் ஒன்பது.

கவினேஷ் ஒன்பதையும் படம் எடுத்துக்கொண்டான், சந்தோஷமாக. வண்டிக்கு ஒன்பது உள்ளங்கை திருட்டு. ஆயிரம் வண்டிக்கு எத்தனை சுருள்! அப்படி மிச்சம் பிடித்த பாயைத்தான் எனக்குக் கடன் என்று தூக்கிக் கொடுத்தானா? அன்றைக்கு அவனுக்குச் சோறு ருசித்தது. மனைவி யாழினியைத் தன் காருக்குள் கூட்டி வந்து படங்களைக் காட்டினான்.

அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"அவரு போயி ஒம்போது கை பாய்க்கு ஆசப்படற ஆளா? நம்ம பட்டற பத்தி எரிஞ்சு நின்னப்ப உங்களுக்குப் பன்னெண்டு சுருள் தூக்கிக் குடுத்தவருங்க அவரு."

"நீயும் அவன் பக்கந்தானா?"

"ஏனுங்க கத்தறீங்க? பக்கத்துலதான இருக்கறேன்."

"கத்துனனா? மெதுவாத்தான சொன்னேன்" என்று குரலைத் தாழ்த்தினான்.

"காதுல உழுகல, என்ன சொன்னீங்க?" என்றாள் அவள். கவினேஷ் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டான். மறுநாளே இரைச்சல் தடுப்பு வாரியத்துக்குப் படங்களோடு புகார் போனது.

விசாரணையும் ஒரு காருக்குள்தான் நடந்தது. சேலத்திலிருந்து வந்த வாரிய அதிகாரி முன்னால் உட்கார்ந்து இருக்கையைப் பின்பக்கம் திருப்பிக்கொண்டார். எதிரே மௌலி, கவினேஷ், தோளோடு தோள் இடிக்க.

"எதுக்குய்யா எடம் விட்டு ஒட்டறே?" என்றார் அதிகாரி.

"அது உசுருள்ள சாமானுங் சார்" என்றான் மௌலி. "வெளிச் சத்தம் தகரத்துல முட்டி, பாயோட அந்தப் பக்கத்துக்கு மட்டுந்தான் எரையாகுது. உள்பக்கம் பட்டினி கெடக்குது. ஒரு கை எடம் விட்டா, கொஞ்சம் ரோட்டுச் சத்தம் உள்ள வந்து உள்பக்கத்துக்கும் கெடைக்கும். விடலைன்னா, பசில அது உள்ள என்ன கெடைக்குதோ அதத் தின்னப் பழகிக்கும்."

"உள்ள என்ன கெடைக்கும்?"

"நம்ம பேச்சுத்தானுங்."

அதிகாரி சிரித்தார். "பாசிக்குப் படியளக்கறியா? இதெல்லாம் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"புஸ்தகத்துல இல்லீங். மாப்ளைக்குத் தெரியும், கேளுங்க." மௌலி திரும்பினான். "மாப்ள, ஓனர் பட்டறைக்கு ஒரு வெள்ள வேன் வந்துச்சே. மூணு வருசம் ஓடுனது, சந்து விடாம ஒட்டுனது. பாட்டுப் பொட்டி கேக்கலைன்னு ரெண்டு தடவ மாத்துனமே. வெளிய எடுத்து வெச்சா கணீர்னு பாடுச்சே! நீதான பிடிச்சுட்டு நின்னே?"

கவினேஷுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. வேனின் எண், கையில் பாட்டுப் பெட்டி அதிர்ந்தது, உள்ளே கொண்டுபோனதும் அதிர்வு மட்டும் மிஞ்சிப் பாட்டு மறைந்தது, பயந்துபோய் இரண்டு பேரும் சிரித்தது. அன்றைக்குப் பார்த்ததை இவன் மறந்து தொழில் செய்தான், அவன் மறக்காமல் தொழில் செய்தான். வித்தியாசம் அவ்வளவுதான். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு அப்படியொண்ணும் ஞாபகமில்லீங் சார்" என்றான்.

மௌலி அவனைப் பார்த்தான். அப்போதும் கோபப்படவில்லை. பாவி, அப்போதாவது கோபப்பட்டிருக்கலாம்.

மௌலியின் உரிமம் இரண்டு வருஷத்துக்கு நிறுத்தப்பட்டது. அவன் பாய் போட்ட ஆயிரத்து நூற்று நாற்பது கார்களிலும் இடைவெளியை அடைக்க வேண்டும் என்று உத்தரவு. அடைக்கிற வேலை கவினேஷுக்கு வந்தது. ஆறு மாசம் விடியலிலிருந்து பொழுது சாயும் வரை ஒன்பது ஒன்பதாக அடைத்தான். ஒவ்வொன்றிலும் தன் உள்ளங்கையை வைத்து அளந்துதான் வெட்டினான். மௌலியின் கையும் தன் கையும் ஒரே அளவு என்பது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

முதலில் எல்லோரும் மெச்சினார்கள். ஒலிமானி ஆறு காட்டியது, பிறகு மூன்று, பிறகு ஒன்று. மௌலியின் பாய்கள் நன்றாகத் தின்று வளர்ந்த பாய்கள். வளர்ந்ததற்குப் பசியும் அதிகம். பங்குனி வாக்கில் பின் இருக்கைக் குழந்தைகளின் குரல் முன்னால் கேட்கவில்லை. சித்திரையில் பக்கத்தில் இருப்பவர் குரல் நூலாக மெலிந்தது. பெண் பார்க்கப் போன ஒரு குடும்பம் இரண்டு மணி நேரம் வாயை வாயைப் பார்த்துவிட்டு, பெண்ணுக்குச் சம்மதமா இல்லையா என்று தெரியாமலே வீடு திரும்பியது. வைகாசியில் உதடுதான் அசைந்தது, ஓசையே இல்லை.

சிலர் மௌலி சொன்னது நினைவு வந்து ஓட்டை போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. பேச்சின் ருசி கண்ட பாசி சாலை இரைச்சலைத் தொட மறுத்தது. பாயையே உரித்தவர்களுக்குப் பழைய சாலையே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

கவினேஷைத் திட்டப் பட்டறைக்குக் கும்பல் கும்பலாக வந்தார்கள். வெளியே கத்தினால் கேட்காதே, பழக்க தோஷத்தில் அவனைக் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். முகம் சிவந்து, நரம்பு புடைத்து, கை நீட்டிப் பத்து நிமிஷம் திட்டினார்கள். அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, அவர்கள் வாய் ஓய்ந்ததும் இறங்கி வந்தான்.

அவனுடைய சொந்தக் காரும் மூன்று வருஷப் பட்டினி. யாழினி இப்போது அதில் ஏறுவதில்லை. ஒரு காகிதத்தில் "போய் அவரிடம் பேசுங்கள்" என்று எழுதி அவன் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

பணம் இருந்தது. நான்கு லட்சத்துப் பதினேழாயிரத்து இருநூறு, புது நோட்டாக. கட்டிவிட்டால் அந்த அட்டை ஆணியிலிருந்து இறங்கும். அவன் முகத்தைப் பார்த்து நிற்கலாம். ஒருவேளை வெள்ளை வேனைப் பற்றியும் சொல்லிவிடலாம்.

உச்சி வெயிலில் காரை மௌலியின் பூட்டிய பட்டறை முன் நிறுத்தினான். மௌலி திண்டில் உட்கார்ந்து உருளையின் கைப்பிடிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். தொழில் இல்லாத ஆளுக்கு உருளை எதற்கு? கவினேஷுக்கு அந்த நிதானத்தைப் பார்த்தும் பொறாமையாகத்தான் இருந்தது. பழக்க தோஷத்தில் அவனைக் காருக்குள்தான் கையைக் காட்டி அழைத்தான். மௌலி எழுந்து சுவர் ஆணியிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். கதவைத் திறந்ததும், வழக்கம்போல, விரல் முட்டியால் தகரத்தை ஒரு தட்டுத் தட்டினான். பிறகு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான்.

சாத்தியதும் உலகம் அணைந்தது.

கவினேஷ் பணக்கட்டை நீட்டினான். "எனக்கு ஞாபகம் இருந்துச்சு மச்சா, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு" என்றான். தொண்டை அதிர்ந்தது தெரிந்தது. குரல் பல்லைத் தாண்டவில்லை.

மௌலி பேச ஆரம்பித்தான்.

மூன்று வருஷமாக அந்தப் பணத்தைப் பற்றி அந்த வாய் திறக்காதா என்று காத்துக் கிடந்தவன் கவினேஷ். திறந்தது. நிதானமாக, இடையில் நிறுத்தி, மறுபடி தொடர்ந்து, நெடுநேரம் பேசியது. ஒரு தடவை மௌலியின் கண் கலங்கின மாதிரி இருந்தது. ஒரு தடவை சிரித்தான். ஒரு தடவை விரலை நீட்டி நேராக இவன் நெஞ்சைக் காட்டினான். வசவா, மன்னிப்பா? கவினேஷ் உதட்டையே பார்த்தான். 'மாப்ள' என்ற ஒரு சொல் மட்டும் வடிவத்தில் பிடிபட்டது. மற்றதையெல்லாம், கவினேஷ் ஊசி நுழையாமல் ஒட்டிய பாய் தின்றுகொண்டிருந்தது.

பேசி முடித்த மௌலி, காதோரத்திலிருந்து தகரத்தில் கோடு போடுகிற வெள்ளைப் பென்சிலை எடுத்தான். அட்டையில் தொகைக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு கிழித்தான். பணக்கட்டைத் தொடாமல், அட்டையை அதன்மேல் வைத்துவிட்டு இறங்கினான்.

கவினேஷ் பின்னாலேயே குதித்து ஓடினான். சாலையும் வானமும் ஒன்றாக இரைந்தன.

"மச்சா! என்ன சொன்னே? உள்ள என்ன சொன்னே?"

மௌலி காதுக்குக் கையைக் குவித்தான். கேட்கவில்லை என்று தலையாட்டினான். கவினேஷ் தொண்டை கிழியக் கத்தினான். இரண்டு வானவண்டிகளுக்கு நடுவே ஒரு கணம் இரைச்சல் தணிந்தது. அந்தக் கணத்தில் மௌலியின் குரல் கணீரென்று வந்தது.

"அதான் எல்லாத்தையும் சொல்லிட்டனே மாப்ள, வண்டிக்குள்ளயே! எத்தன தடவ சொல்றது?"

அடுத்த வானவண்டி வந்துவிட்டது. மௌலி திண்டில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து கைப்பிடிக்குத் துணி சுற்றத் தொடங்கினான். அவன் பின்னால் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.