மூச்சகற்றி

சரக்கு லிஃப்ட் பாதி வழியில் நிற்கும் சத்தம் கேட்டது. மீதிப் படிகளை மெர்லே நடந்தே ஏறி வருவாள் என்று ஹௌகேவுக்குத் தெரியும். ஜெர்மனியின் லைப்ஸிக் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த அந்தப் பழைய நூற்பாலையில் இப்போது தறிகள் இல்லை. ஓவியர்களும் இசைக்காரர்களும் அறை எடுத்திருந்தார்கள். ஹௌகேவும் அப்படித்தான்; மெர்லே பாடுவாள், அவன் அதைப் பதிவு செய்து கலப்பான். ஆனாலும் சுவர்களை விட்டு எண்ணெய் வாசனை போகவில்லை. ஜனவரியில் அதோடு ஈரக் கம்பளியின் நெடியும் சேர்ந்துகொள்ளும்.

“கசகசா கேக் வாங்கிட்டு வந்திருக்கேன்,” என்றபடி மெர்லே உள்ளே வந்தாள். “சூடா காபி போடுடா, செத்துட்டேன் குளிர்ல.”

“காபி இருக்கட்டும். இந்த மாசப் பரிசு வந்தாச்சு. கேளு.”

“ஐயோ, இன்னொண்ணா? போன மாசம் வந்ததையே நீ இன்னும் திறந்து பார்க்கலையே!”

அவள் சொன்னது உண்மை. ஹௌகே ஒரு நிறுவனத்துக்குச் சந்தா கட்டி வந்தான். சந்தாதாரர்களுக்கு மாதாமாதம் ஒரு ப்ளக்-இன் இலவசம். பாட்டுக் கலக்கும் மென்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல் அது. ஒன்று குரலைத் தேவாலயத்துக்குள் பாடியதுபோல் எதிரொலிக்க வைக்கும். இன்னொன்று முரசை மெத்தென்று ஆக்கும். சந்தா ஓடும்வரை எல்லாம் உங்களுடையவை. நிறுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். யார் செய்தது, என்ன செய்யும் என்று ஹௌகே போன்றவர்கள் படிப்பதில்லை. குரல் மீது மாட்டுவார்கள், குமிழை வலது கோடிவரை திருகுவார்கள்.

இந்த மாதத்துப் பரிசு கறுப்பாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு குமிழ். பெயர் ‘மூச்சகற்றி’. வரிக்கும் வரிக்கும் இடையில் பாடகர் இழுக்கும் மூச்சுச் சத்தத்தை எடுத்துவிடுமாம்.

மெர்லே பாடி வைத்திருந்த பாட்டில் அதை மாட்டித் திருகினான்.

கேக்கைத் தின்றபடி இருவரும் கேட்டார்கள். குரல் எங்கும் நிற்கவில்லை. கண்ணாடியை இழுத்து நீட்டியதுபோல் போய்க்கொண்டே இருந்தது.

“இது நானில்ல, ஹௌகே,” என்றாள் மெர்லே. “செத்தவ யாரோ பாடுற மாதிரி இருக்கு.”

“செத்தவங்க சம்பளம் கேக்க மாட்டாங்க. எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவள் சிரிக்க வாய் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. கை நெஞ்சுக்குப் போனது. அவன் பாட்டைப் பாதியில் நிறுத்தியதும் தண்ணீருக்குள்ளிருந்து வெளிவந்தவள்போல் காற்றை அள்ளினாள்.

கேக் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று இருவருமே நினைத்தார்கள்.

ஹாம்பர்க்கில் இசைத்தட்டு வெளியிடும் ஃபோல்க்மார், ஹௌகே அனுப்பிய அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு உடனே அழைத்தார். “இந்தக் குரலை எங்கப்பா புடிச்சே? மனுஷக் குரல் மாதிரியே இல்ல! வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள முடிச்சு அனுப்பு. ஒண்ணையும் மாத்திடாதே.” ஆறு வருடமாக ஹௌகே காத்திருந்த அழைப்பு அது.

அந்த வாரம் மெர்லேவுக்கு டிராமில் மூச்சு நின்றது. கடையில், ரொட்டி வாங்கும் வரிசையில் நின்றது. நுரையீரல் குதிரையுடையது மாதிரி பலமாக இருக்கிறது என்றார் மருத்துவர்.

“நீ அந்தப் பாட்டைப் போடும்போதுதான் வருது,” என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். குரல் மெலிந்திருந்தது. “சிரிக்காதே. நேரம் பார்த்து வச்சிருக்கேன்.”

ஹௌகே சிரிக்கவில்லை. தொலைபேசியைக் காதில் வைத்தபடியே பாட்டை ஓடவிட்டான்.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

நிறுத்தினான். அவள் காற்றைப் பிடித்து இழுப்பது கேட்டது.

மறுபடி ஓடவிட்டான். மறுபடி மௌனம்.

அத்தோடு விஷயம் தெளிவாகிவிட்டது. ஆனாலும் மூன்றாவது முறையும் ஓடவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை அவள் நேரிலேயே வந்தாள். படியேறி வந்தவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அதை எடுத்துடு. கெஞ்சிக் கேக்குறேன்.”

“எடுத்தா குரல் பழையபடி ஆயிடும். ஃபோல்க்மார் வேண்டாம்னுடுவாரு.”

“மூச்சை ஒவ்வொண்ணா கையால வெட்டேன். முன்னெல்லாம் அப்படித்தானே செஞ்சே?”

“ஒரு நாள் முழுக்க ஆகும், மெர்லே.”

“ஒரு நாள்தானே?”

அவள் அவனையே பார்த்தாள். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு முகத்தை இளக்கிக்கொண்டான்.

“சரி. வெட்டிடறேன். ஃபோல்க்மார்கிட்டே பேசிக்கிறேன். கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை பாடிக் குடு. வெட்டுறதுக்குச் சுலபமா இருக்கும்.”

“நிஜமாவா?”

“உன்கிட்டே பொய் சொல்வேனாடி?”

அவள் பாடும் கூண்டுக்குள் போனாள். பழைய மெத்தைகளும் கம்பளமும் அடைத்து இருவருமாகச் சேர்ந்து கட்டிய கூண்டு. உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. கண்ணாடிக்குப் பின்னால் நின்று அவனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

ஹௌகே வெளித் தாழ்ப்பாளைப் போட்டான்.

அவர்களுடைய பாட்டுகள் எல்லாமே கடைசியில் ஒரு பழைய நாடா இயந்திரத்தின் வழியாகப் போகும். அந்தக் கதகதப்பு வேறெதிலும் வராது என்பது ஹௌகேவின் பெருமை. அதற்குப் பாட்டு முதலிலிருந்து முடிவுவரை இடையில் நிற்காமல் ஓட வேண்டும்.

நாலு நிமிடம். கடலில் மூச்சடக்கி முங்குகிறவர்கள் அதைவிட அதிக நேரம் இருக்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தான்.

ஹெட்ஃபோனை மாட்டினான். நாற்காலியைச் சுழற்றிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான்.

நாடாச் சக்கரங்கள் சுழன்றன. மெர்லேவின் குரல் ஆரம்பித்தது. அவ்வளவு அழகாக அவள் அதற்கு முன் பாடியதில்லை.

தரைப்பலகை ஒருமுறை அதிர்ந்தது.

பிறகு இன்னொரு முறை, மெதுவாக.

அவன் சத்தத்தைக் கூட்டிக்கொண்டான்.

பாட்டு முடிந்தது. கோப்பு ஹாம்பர்க் போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தான். ஆம்புலன்ஸை அழைத்தபோது அவன் குரல் சரியாகவே நடுங்கியது. இதயம் நின்றுவிட்டது என்று எழுதினார்கள். இறந்துபோன பாடகியின் கடைசிப் பாட்டு என்று ஃபோல்க்மார் விளம்பரம் செய்தார். நன்றாகப் போனது.

பிப்ரவரி பிறந்ததும் அடுத்த பரிசு வந்தது.

அதன் பெயர் ‘மூச்சுகள்’. இயந்திரக் குரல்கள்கூட மனிதக் குரல்போல் ஒலிக்க இடையிடையே சேர்த்துக்கொள்ள மூச்சொலிகள். உலகெங்கும் சந்தாதாரர்கள் அதற்குள் கருத்து எழுத ஆரம்பித்திருந்தார்கள். ‘எவ்வளவு இயல்பு! நன்றி.’ ‘அழுகைக்கு முந்தைய மூச்சு அபாரம்.’

ஹௌகே முதல் ஒலியைத் திறந்தான்.

படியேறி வந்தவளின் மூச்சு.

இரண்டாவது, சிரிக்கப் போகிறவளுடையது. ஆறு வருடம் ஹெட்ஃபோனில் கேட்ட மூச்சு அவனுக்குத் தெரியாதா? வரிசையாகத் திறந்தான். எல்லாம் மெர்லேதான்.

காலை வெயில் மேசைமேல் கிடந்தது. அவன் எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டான்.

பிறகு அவற்றில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து, புதுப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தான்.

கச்சிதமாகப் பொருந்தியது.

இன்னொன்றையும் வைத்தான். கேட்டான். திருப்தியாகத் தலையாட்டி நிறுத்தினான்.

பாட்டு நின்றது. மூச்சு நிற்கவில்லை.

ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

அப்போதும் கேட்டது. உள்ளே இழுப்பது மட்டும். வெளியே விடும் சத்தமே இல்லை. இழுப்பு, மறுபடி இழுப்பு.

ஹௌகே நாற்காலியை மெல்லத் திருப்பினான்.

கூண்டுக்குள் யாரும் இல்லை. கண்ணாடியின் உள்பக்கம், ஒரு வாயின் உயரத்தில், வட்டமாக ஆவி படிந்திருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதானது.