முதுகெலும்பில் ஒரு பள்ளம்

மூச்சை அடக்கச் சொன்ன பிறகும் அண்ணனின் வயிற்றின் மேல் போர்த்தியிருந்த காகித விரிப்பு அசைந்துகொண்டிருந்தது. ஸ்கேன் அறையின் மைக் வழியே அந்தச் சரசரப்பு அவள் காதில் விழுந்தது. விட்டு விட்டு, ஒரே சீராக, உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவது போல.

அவன் பஸ் டிரைவர். ஒரு வருடமாக முதுகுவலி. "சீட்டு சரியில்ல, அவ்வளவுதான்" என்று தைலத்திலேயே காலம் தள்ளியவனை, இங்கே ஸ்கேன் எடுக்கும் தங்கை இன்று மதியம் வம்படியாக இழுத்து வந்திருந்தாள்.

மருந்து வாடையும் ஏசியின் ஈரக்குளிரும் அப்பிக் கிடந்த கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் உட்கார்ந்து, திரையில் வந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். மூன்று முதுகெலும்புகளின் முன்பக்கம் கரண்டியால் வழித்தெடுத்தது போலக் குழிந்திருந்தது. எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள் மட்டும் சேதமில்லாமல் துருத்தி நின்றன. கிருமி என்றால் டிஸ்க்கைத்தான் முதலில் தின்றிருக்கும். இது வேறு. பகலெல்லாம், இரவில் அவன் தூங்கும்போதும்கூட, ஏதோ ஒன்று ஓயாமல் இடித்து இடித்து எலும்பைக் கரைத்திருக்கிறது.

அவள் கூப்பிட்டதும் ஸ்கேன் டாக்டர் வந்து பின்னால் நின்றார். "கான்ட்ராஸ்ட் மருந்து ஏத்தும்மா."

நரம்பில் ஏற்றிய மருந்து திரையில் வெள்ளையாக இறங்கியது. இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாய் வயிற்றுக்குள் தேங்காய் அளவுக்கு உப்பி எலும்பை முட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் அதற்குச் சுவரே இல்லை. எலும்பின் பள்ளம்தான் ரத்தத்துக்கு அணை. அவன் எழுந்தால் அந்த அணை விலகிவிடும்.

"உன் அண்ணனை எழுந்திருக்க விடாதம்மா. ஆபரேஷன் தியேட்டர்ல சொல்லிட்டு வரேன்." ஓடினார்.

அவள் மைக்கை அழுத்தினாள். "அண்ணா, அப்படியே படுத்திரு."

"என்னடி, மெஷின் மக்கர் பண்ணுதா? என் பஸ்ஸே தேவலாம் போல."

சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

பிறகு அவன் குரல், ஆச்சரியத்தோடு.

"இப்ப வலியே இல்லடி. முதுகுக்குள்ள வெந்நீர் ஊத்தின மாதிரி இதமா இருக்கு."

"அசையாதண்ணா."

கதவுக்கு ஓடினாள். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது.

அவன் எழுந்துவிட்டான்.

மேசையில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம். அவளைப் பார்த்துச் சிரித்தபடி.

உதடு வெளுத்தது. பிறகு கன்னம். பிறகு கழுத்து.

சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.