இடது பக்கப் படகு

“வேலை போனா போகட்டும்மா. நான் உடைச்சேனா இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க.”

வந்தவள் பொழுதுபோக்கு மன்றத்தில் ஆறு வருடமாகத் துப்புரவு வேலை செய்பவள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அச்சடித்த ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பதுபோலத் தள்ளி நின்றாள்.

அந்த மேசைக்குச் சொந்தக்காரி பத்து வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காகப் பொய்க் கோரிக்கைகளைத் துருவியவள். வேலையை விட்ட பிறகும் தெருவில் அவளுக்குக் காப்பீட்டுக்காரி என்றே பெயர். கூடவே இருப்பவர் அவளுடைய தாய்மாமன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் இல்லாதவர் என்றுதான் அவருக்குத் தோன்றும். தாளை அவர்தான் முந்திக்கொண்டு எடுத்து உரக்கப் படித்தார்.

“‘கண்காட்சிக் கப்பலைத் துடைக்கும்போது என் கை தவறி இடது பக்கப் படகு உடைந்துவிட்டது. பயந்துபோய்த் துண்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டேன்.’ ஏம்மா, கீழ இருக்கிறது உன் கையெழுத்துதானே?”

“என்னோடதுதான். ஆனா இதுல போட்ட ஞாபகம் இல்ல. உடைச்ச ஞாபகமும் இல்ல. வயசாச்சு, மறந்திருப்பேன்னு மேலாளர் சொல்றாரு. ஒரு வாரமா என் மககிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன், ‘அடியே, எனக்குப் புத்தி ஒழுங்காத்தான் இருக்கா?’ன்னு.”

“என்ன உடைஞ்சுது? உங்க வாயால சொல்லுங்க,” என்றாள் காப்பீட்டுக்காரி.

“மரக் கப்பல்மா. பல் டாக்டர் போட்டிக்காக மூணு வருஷமா செஞ்சது. கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கும். ரெண்டு பக்கமும் குட்டிப் படகு ஒண்ணொண்ணு தொங்கும். அதுல வலது பக்கத்துப் படகைத்தான் காணோம்.”

மாமா துள்ளி எழுந்தார். “தாள்ல இடதுன்னு இருக்கு, இவ வலதுங்கறா! மாட்டிக்கிட்டா பாரு!”

அவள் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். “இடதா? இல்லையே… வலதுதானே… ஐயோ, எனக்கே கொழப்பமா இருக்கே.”

“மாமா, உக்காருங்க. நீங்க சொல்லுங்கம்மா, அன்னைக்குப் பெட்டிக்குள்ள வேற ஏதாவது பாத்தீங்களா?”

“வெள்ளையா கொஞ்சம் தூசி. மாவு மாதிரி. தொடைச்சுவிட்டேன். அப்பதான் தட்டிட்டேனோ என்னவோ.”

“பெட்டிச் சாவி யார்கிட்ட?”

“புதுப் பூட்டுக்கு மூணு சாவி. எனக்கு, மேலாளருக்கு, டாக்டருக்கு. வாங்கினதுக்குக் கையெழுத்துகூடப் போட்டேன். மேல எழுத்து ஒண்ணும் இல்ல. அப்புறம் அச்சடிச்சுக்கலாம்னாரு மேலாளர்.”

“அப்ப மேலாளர்தான்!” என்றார் மாமா. ஒரு நிமிடத்துக்கு முன்னால் இவளைப் பிடித்துக் கொடுத்த அதே வேகத்தில்.

மூவரும் போனபோது மன்றத்தின் கூடத்தில் மரத்தூள் வாசமும் வார்னிஷ் வாசமும் கலந்து அடித்தன. உறுப்பினர்கள் வெந்நீரில் ஊறிய மெல்லிய மரப்பட்டைகளை வளைத்துக் குட்டிக் கப்பல்களின் விலா எலும்புகளில் ஒட்டி, துணிமாட்டும் கிளிப்பால் கவ்வ வைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் மேசையடியில் குவியும் பழுப்புத் தூளை யார் கூட்டுகிறார் என்று யோசித்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை.

கோடியில், சுவரை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டி. கப்பலின் மூக்கு நேராக வாசலைப் பார்த்து நின்றது. பார்ப்பவரின் வலக்கைப் பக்கம், படகு இருந்த இடத்தில் இரண்டு நூல்கள் மட்டும் தொங்கின.

“தாள் திங்கக்கிழமை காலையில என் மேசைமேல கிடந்துச்சு,” என்றார் மேலாளர். “சாவி ரசீதெல்லாம் அங்கதான் கோப்புல இருக்கும், யாரு வேணா எடுக்கலாம். எனக்குக் கப்பலும் தெரியாது, கிப்பலும் தெரியாது. வலது பக்கம் உடைஞ்சிருக்கு, இவங்க கையெழுத்து இருக்கு. வேற என்ன வேணும்?”

மாமா தலையைச் சொறிந்தார். ஆட்கள் எல்லாரும் வலது என்கிறார்கள், தாள் மட்டும் இடது என்கிறது. “ஒருவேளை ரெண்டு படகும் உடைஞ்சு, ஒண்ணு திரும்பி வந்துடுச்சோ?”

அதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “ஒவ்வொரு துண்டும் மரம். என் கையால செதுக்கினது. போட்டி விதியே அதுதான். இவங்களுக்கெல்லாம் அதோட அருமை எங்க தெரியும்?”

“காணாமப் போனது எந்தப் படகு டாக்டர்?”

“இடது பக்கப் படகு.”

“சார், கண்ணைத் திறந்து பாருங்க, வலது!” என்றார் மாமா.

டாக்டர் சிரித்தார். “நீங்க நிக்கிறதை வச்சுச் சொல்லக் கூடாது பெரியவரே. கப்பலோட மூக்கு எங்க பாக்குதோ, அதை வச்சுத்தான் இடது வலது. கப்பல் செய்யறவங்களுக்கு அதுதான் பழக்கம். இது நம்மளைப் பாத்து நிக்குது. அதோட இடது, உங்களுக்கு வலது.”

“நல்லா விளக்கினீங்க,” என்று காப்பீட்டுக்காரி தாளை நீட்டினாள். “இதை எழுதினவருக்கும் அந்தப் பழக்கம் இருக்கு.”

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. “ஆறு வருஷமா இங்கயே கிடக்கிறா. எங்க பேச்சைக் கேட்டுக் கத்துக்கிட்டிருப்பா.”

“கத்துக்கிட்டிருந்தா என்கிட்டயும் இடதுன்னே சொல்லியிருப்பாங்க. மேலாளரும் வலதுங்கறார். சாவி வச்சிருக்கிற மூணு பேர்ல இதை இடதுன்னு சொல்றவர் நீங்க ஒருத்தர்தான்.”

“என் கப்பலை நானே உடைப்பேனா?”

“அதான் என்னையும் குழப்புச்சு. அப்புறம்தான் வெள்ளைத் தூசி ஞாபகம் வந்துச்சு. இங்க பாருங்க, மரத்தூள் எல்லாமே பழுப்பு.”

மேலாளர் பெட்டியைத் திறந்தார். மிச்சமிருந்த படகின் அடிப்பக்கத்தைக் காப்பீட்டுக்காரி நகத்தால் சுரண்டினாள். பழுப்புச் சாயம் உரிந்து வெள்ளை தெரிந்தது.

“பல் அச்சு எடுக்கிற மாவு. படகு செதுக்க வரல, அச்சுல வார்த்துட்டீங்க. நடுவர் வர்றதுக்குள்ள மாத்திடலாம்னு கழட்டும்போது ஒண்ணு உடைஞ்சுது. இன்னொண்ணைத் தொடவே பயம். வெள்ளைத் துண்டை யாரும் தேடக் கூடாது. அதுக்காகத்தான் கோப்புலருந்து இவங்க கையெழுத்துப் போட்ட வெத்துத் தாளை எடுத்து, மேல ‘குப்பையில் போட்டுவிட்டேன்’னு ஒரு வரி.”

டாக்டர் மேலாளரைப் பார்த்து, “மன்னிச்சுடுங்க சார், ஏதோ அவசரத்துல,” என்றார். படித்த மனிதர், மன்னிப்பு கேட்கவும் ஆள் பார்த்துத்தான் கேட்டார்.

“நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா,” என்றார் மேலாளர்.

துப்புரவுக்காரி அதைக் காதில் வாங்கவில்லை. நேராக டாக்டரின் முன்னால் போய் நின்றாள். “நான் உடைக்கலைன்னு சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார்.

“கேக்கல.”

“நீங்க உடைக்கல.”

“இன்னொரு தடவை.”

உப்புத்தாள் தேய்க்கும் சத்தம் ஒவ்வொரு மேசையாக நின்றது. எல்லாரும் திரும்பிப் பார்க்க, அவர் சத்தமாகச் சொன்னார்: “நீங்க உடைக்கல.”

அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள்.

“ம். சொல்லிக்கிட்டே இருங்க.”