ஒட்டுப்போடாத குரல்

அன்று மழை பெய்ததா என்பதில் இப்போதும் சந்தேகம்தான்... ஆனால் அவள் கையில் ஈரக்குடை இருந்தது. அதன் சொட்டு ஒலிப்பதிவாளனின் காலில் விழுந்தது.

“குடைய வெளியவே வச்சிட்டு வாங்க. மைக்குக்கு ஜலதோஷம் பிடிச்சிடும்” என்றான். முகம் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும்... அவள் முறைத்தபடி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள்.

ரயில் நிலைய அறிவிப்புக்கான குரல் தேர்வு அது. சிறு வயது முதலே அவளுக்குத் திக்குவாய். ‘உனக்கு எதுக்குடி இந்த வேலை?’ என்று அக்கா கேட்ட அன்றே விண்ணப்பித்துவிட்டாள்.

எல்லா வரிகளையும் கடந்தாள். வண்டி தாமதம் என்று சொல்லும் ஆங்கில வரியில்தான் சிக்கினாள். ‘அன்எக்ஸ்பெக்டட்’... தொடக்கத்திலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் அவன் பேனாவால் மேசையைத் தட்டினான். அன்... எக்ஸ்... பெக்... டட். மூன்றாவது தட்டு மட்டும் பலமாக.

“‘அன்’ முன்னால ஒட்டின துண்டுங்க. வாசப்படி மாதிரி. அதுலயே நின்னுட்டா எப்படி? தாண்டி உள்ள வாங்க... ‘பெக்’ல அழுத்தி உட்காருங்க.”

தனித்தனியாக நான்கும் வந்தன. சேர்த்தால் வரவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து குடையை எடுத்தவளுக்கு உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அவள் குரல்தான்... திக்காமல், வழுவழுவென்று. நான்கு துண்டுகளையும் ஒட்டிக்கொண்டிருந்தான் அவன்.

கதவைத் திறந்து, அழிக்கச் சொன்னாள். அழித்தால் வேலை கிடைக்காது என்றான்.

“கிடைக்காட்டி போகுது. ஒட்டுப்போட்ட குரல்ல எனக்கு வேலை வேண்டாம். மைக்கப் போடுங்க.”

குடையை மறுபடி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு அவன் அழித்தான்.

திக்கினாள். மறுபடி திக்கினாள். கண்ணை மூடி, விரலால் தன் கையிலேயே தட்டிக்கொண்டாள்... படியைத் தாண்டினாள். சொல் முழுசாக வந்தது. அவன் பேனா கீழே விழுந்தது.

குனிந்து எடுத்தவன் நிமிரவில்லை. “பாவம்னு ஒட்டலங்க... நாளைக்கும் நீங்க... இங்க... எனக்கு...”

அவள் மேசையை மெல்லத் தட்டினாள்.

“வாசப்படியிலயே நின்னா எப்படி? உள்ள வாங்க.”

“உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு” என்றான், ஒரே மூச்சில்.

அவளுக்கு வேலை கிடைத்தது. மறு வருடம் இருவருக்கும் திருமணம் நடந்தது. அக்கா தினமும் அந்த நிலையத்தில்தான் வண்டி ஏறுகிறாள். அறிவிப்பு வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் ‘எங்க வீட்டுப் பொண்ணு’ என்கிறாள். கோபம் வந்தால் தங்கை இன்றும் திக்குவாள். அவன் சொல்லெடுத்துக் கொடுப்பதில்லை, காத்திருக்கிறான்.