கோவைக்கு ஒரு கைச்சுமை

விடிந்ததும் தவமணி மாடிக்குப் போய், மோரில் ஊறிய மிளகாயை ஓலைப்பாயில் பரப்புவாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பதை விரலால் விலக்கிவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து செல்போனில் பயணப் பலகையைத் திறப்பாள். சாத்தூரிலிருந்து இன்று யார் எந்த ஊருக்குப் போக நினைக்கிறார்கள், என்ன கூலிக்குச் சுமை எடுப்பார்கள் என்பதெல்லாம் திரையில் ஓடும். பெயர் இருக்காது. ஊர் இருக்கும், கூலி இருக்கும், போகும் காரணம் ஒரே சொல்லில் இருக்கும். கல்யாணம். பேறு. நோய். சாவு.

அவளுடைய அப்பா வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தவர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கூட்டத்துக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு, எதிராளியின் முகத்தைப் பார்த்தே அவன் எந்த விலைக்கு இறங்குவான் என்று சொல்லத் தெரியும். இணையத்தில் கடை திறந்தபோது அந்த வித்தை செல்லாது என்று நினைத்தாள். முகமே தெரியாத வியாபாரத்தில் முகம் பார்க்கிற கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடை திறந்த சூட்டிலேயே ஒன்று விளங்கியது. மோர்மிளகாயை விற்பது பெரிய காரியமில்லை, அனுப்புவதுதான் கழுத்தைப் பிடித்தது. ஆளில்லாமல் பறக்கும் வான்தும்பி வீட்டு வாசலிலேயே வந்து இறங்கும், ஆனால் அதன் கூலி மிளகாய் விலையை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். ரயிலில் போகும் சரக்குத்தொடர் மலிவு என்று போய்க் கேட்டால், பெட்டியின் நீள அகலத்தை அளந்து அதையே எடை ஆக்கினார்கள். மோர்மிளகாய் காய்ந்தால் காற்றுமாதிரி. “உள்ள இருக்கிற காத்துக்கும் கூலி கேக்குறானே, காத்து என்ன இவன் அப்பன் வீட்டுச் சொத்தா” என்று திட்டிவிட்டு வந்தாள். மீதி இருந்தது, ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்தனுப்பும் கைச்சுமை.

எரிபொருள் வறண்டபின் வந்த சட்டம் அது. ஆள் போவதற்காக வண்டி ஓடாது. சரக்குக்காக ஓடும் வண்டியில் ஆள் ஏறிக்கொள்ளலாம். மாவட்ட எல்லையைத் தாண்டவேண்டுமென்றால் யாருக்கோ போய்ச் சேரவேண்டிய பொட்டலம் ஒன்று கையில் இருக்கவேண்டும், அதற்கான சுமைச்சீட்டு இருக்கவேண்டும். சீட்டு இல்லாதவனுக்கு வண்டிக் கதவு திறக்காது. திரும்பி வரவும் அதே கதைதான். பெற்ற தகப்பன் பிணமாகக் கிடந்தாலும், முன்பின் தெரியாத யாரோ வாங்கிய சோப்பு டப்பா மடியில் இருந்தால்தான் போய் விழுந்து அழமுடியும். சட்டம் வந்த புதிதில் நல்ல யோசனை என்று ஊரே மெச்சியது. தவமணியும் மெச்சினாள்.

கைச்சுமையில் அவள் கண்டுபிடித்த சூட்சுமம் ஒன்று உண்டு. காலையில் கோவைக்குக் கூலி கேட்பவன், உச்சிவேளைக்குச் சும்மாவே கொண்டுபோகிறேன் என்பான். கடைசி வண்டிக்கு நேரம் நெருங்கினால் அவனே காசு தர முன்வருவான். பலகை அதற்குக் கழித்தல்கூலி என்று பெயர் வைத்திருந்தது. சந்தை கலைகிற நேரத்தில் வாடிய கீரையை அள்ளிக்கொண்டு போகச் சொல்வதில்லையா, அதேதான். கீரை இருந்த இடத்தில் மனுஷன். காரணம் எவ்வளவு கனமோ, கூலி அவ்வளவு கீழே இறங்கும். கல்யாணத்துக்குப் போகிறவன் பேரம் பேசுவான். நோய் என்று போட்டவன் பேசமாட்டான்.

முகம் இங்கேயும் தெரியத்தான் செய்கிறது என்று தவமணி புரிந்துகொண்டாள்.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரிகள் அதிகம். சாத்தூர்ச் சுற்றுவட்டாரத்து நோயாளிகளை நோயாளி வண்டி அள்ளிக்கொண்டு போவது அங்கேதான். கூட ஆள் போக அந்த வண்டியில் இடமில்லை. அதனால் கோவை போகக் காத்திருப்பவர்களின் வரிசை பலகையில் எப்போதும் நீளம். தவமணி ஒரு விளம்பரம் போட்டாள்: கோவை வாடிக்கையாளருக்கு மட்டும் அனுப்பும் செலவு இலவசம். மிளகாயில் கிடைக்காத லாபம் கூலியில் கிடைத்தது.

முதலில் மாட்டிய வாடிக்கையாளர் குருசாமி. முகவரியில் ஆஸ்பத்திரி, சிறுநீரகப் பகுதி என்றிருந்தது. அங்கே வேலைபார்க்கிறவர் போலிருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்கொள்ள வாங்குகிறார் என்று நினைத்தாள். ஒரு பொட்டலம் போய்ச்சேர்ந்ததும் அடுத்ததற்குச் சொல்லிவிடுவார். ஒவ்வொரு தடவையும் ஐந்து நட்சத்திரம் போட்டு ஒரே கருத்தை எழுதுவார்: ‘சரக்கு நல்ல சரக்கு. கொண்டுவந்தவர் தெரிந்தவர் இல்லை.’

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. கொண்டுவருகிறவனோடு இவருக்கு என்ன சம்பந்தம் பேசவேண்டியிருக்கிறது?

சண்முகக்கனி வந்தது அந்தச் சமயத்தில்தான். மேலக்காந்தி நகரில் தையல் மிஷின் போட்டிருப்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும். மாடிப்படியில் பாதியிலேயே நின்றுகொண்டு கேட்டாள்.

“அக்கா, கோவைச் சுமைய எனக்குத் தருவீங்களா? பலகையில சுழியம் போட்டிருக்கறது நான்தான். கூலி வேண்டாம்.”

“மேல வந்து பேசு. சுழியத்துக்குக் கீழ எத்தனை பேரு நிக்கிறாங்க, பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவுங்க எனக்குக் குடுத்துட்டுப் போறாங்க. நீ சும்மா போறேங்கிற. நீயே சொல்லு, நான் கடை வச்சிருக்கேனா, மடம் வச்சிருக்கேனா?”

“என்கிட்ட இருந்ததெல்லாம் வைத்தியத்துக்குப் போயிருச்சுக்கா.”

“யாருக்கு உடம்புக்கு?”

சண்முகக்கனி பாயில் கிடந்த மிளகாயைப் பார்த்தாள். “தெரிஞ்சவங்களுக்கு.”

தெரிந்தவர்களுக்காக யாரும் இருப்பதையெல்லாம் தொலைப்பதில்லை. தவமணிக்கு அது அப்போதே உறைத்திருக்கவேண்டும். பேரத்தில் எதிராளி ஒன்றை மறைக்கிறான் என்றால் விலை இன்னும் அசையும் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“மிளகாயத் திருப்பிப் போடத் தெரியுமா?” என்று கேட்டாள்.

அன்றிலிருந்து சண்முகக்கனி நாள் தவறாமல் வந்தாள். மிளகாயைக் கீறினாள், மோரில் அமுக்கினாள், வெயிலில் திருப்பினாள். காக்கா பிடிக்கிறாள், பிடிக்கட்டும் என்று தவமணியும் விட்டுவிட்டாள். கோவைப் பொட்டலத்தை மட்டும் சண்முகக்கனி வேறு யார் கையிலும் விடமாட்டாள். அவளே நிறுத்து, அவளே ஒட்டி, சணல்கயிறு கட்டுவாள். முடிச்சைப் போட்டுவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் சும்மா இருப்பாள்.

சாயங்காலம் பலகையில் கடைசியாக நிற்கிற ஆள் வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போவான்.

ஒருநாள் அப்படி வந்தவன் சூசை. முன்பு லாரி ஓட்டியவன். கழித்தல்கூலியை யோசிக்காமல் கட்டியிருந்தான்.

“எங்கிட்டுப் போறீங்க?” என்றாள் தவமணி, வியாபார மரியாதைக்கு.

“தம்பி கெடக்கான்கா, கோவையில. ஒரு காலத்துல என் வண்டியில நான் லோடு ஏத்துனேன். இப்ப லோடு என்னைய ஏத்திக்கிட்டுப் போவுது.” பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தான். “இந்த வெயிட்டுக்கா இவ்வளவு குடுத்தேன்? உள்ள தங்கம் கிங்கம் இருக்கா?”

“மோர்மிளகாய்.”

“அப்பச் சரி. தங்கமாயிருந்தா பயந்துக்கிட்டே போகணும்.”

சண்முகக்கனி கயிற்றை இன்னும் விடவில்லை. சூசை அவளைப் பார்த்தான். “விடும்மா, பத்திரமாக் குடுத்துருதேன்.” அவள் விட்டாள். அவன் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, உள்ளே வந்து மோர்ப்பானையைக் கழுவினாள்.

அதற்குப்பின் குருசாமியிடமிருந்து ஆர்டர் வரவில்லை. கருத்தும் வரவில்லை. வாடிக்கை போனதில் தவமணிக்கு வருத்தம்தான்; உப்பு கூடிவிட்டதோ என்று ஒரு மிளகாயைக் கடித்துப் பார்த்தாள். சண்முகக்கனி வருவது நிற்கவில்லை. பேச்சுதான் நின்றது. செல்போனை மடியில் வைத்துக்கொண்டு மிளகாய் கீறுவாள். நடுநடுவே யாரையோ கூப்பிடுவாள், மணி அடித்து அடித்து ஓயும், திரும்பவும் மடியில் வைத்துக்கொள்வாள்.

“யாருக்கு அடிக்கிற?” என்று தவமணி கேட்டதற்கு, “எடுக்கல” என்றாள். கேள்விக்குப் பதில் அது இல்லை.

சூசை திரும்பிவந்தபோது ஆள் பாதியாக இருந்தான். தோளில் பெரிய துணிமூட்டை. வாசலில் இறக்கிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டான். சண்முகக்கனி செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள்.

“தம்பி எப்படி இருக்காரு?” என்றாள் தவமணி.

“என்னையப் பாத்துட்டுத்தான் போனான். ‘வந்துட்டியா’ன்னான். அதுபோதும்.” தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டுச் செம்பைச் சண்முகக்கனியிடம் நீட்டினான். “அடக்கம் முடிஞ்சும் வர முடியலக்கா. சாத்தூருக்குச் சுமை கெடைக்கணுமே. ஆஸ்பத்திரி வராந்தாவுலயே படுத்துக் கெடந்தேன். கடைசியில இது கெடச்சுது. உங்க சரக்குதான். ரிட்டன்.”

தவமணி மூட்டையை அவிழ்த்தாள். எல்லாம் மோர்மிளகாய்ப் பொட்டலங்கள். எதுவுமே பிரிக்கப்படவில்லை. சணல் முடிச்சுகள் போட்டது போட்டபடி இருந்தன.

“ஏன், சரக்குல என்ன கோளாறு?”

“சரக்குல ஒண்ணுமில்ல. அந்தாளு இதத் திங்கக்கூடாதுக்கா. கிட்னிக்காரரு, உப்பு நாக்குல படக்கூடாதுன்னு கட்டில்லயே எழுதிப் போட்டிருக்கு. எல்லாத்தையும் கட்டிலுக்கடியில அடுக்கி வச்சிருந்தாரு. நான் போயி நின்னதும் என் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் எனக்குப் பின்னால யாரும் வாராங்களான்னு கதவப் பாத்தாரு. நான் மட்டும்தான்னு தெரிஞ்சதும் ‘சாப்பிட்டீங்களா’ன்னு கேட்டாரு, நல்ல மனுஷன். பக்கத்துக் கட்டில்காரரு சொல்லித்தான் எனக்கு விஷயமே புரிஞ்சுது. ஊர்ல ஒருத்தி இருக்காளாம். அவ என்னைக்காவது ஒருநாள் சுமையோட வந்துருவான்னுதான் இந்த மிளகாயா வாங்கித் தள்ளிருக்காரு.”

செம்பு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் வைத்தாள்.

“இப்ப எப்படி இருக்காரு?” என்றாள் சண்முகக்கனி.

சூசை அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தான். முடிச்சை விடாமல் பிடித்திருந்த கையை அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. “ஆளு இல்லன்னாத்தானேம்மா ரிட்டன் போடுவாங்க” என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையைக் குனிந்துகொண்டான். “அடையாள அட்டைப்படி சொந்தம்னு யாரும் வரலன்னு ஆஸ்பத்திரிக்காரங்களே எரிச்சுட்டாங்க.”

மாடியில் காக்கை மிளகாய்ப் பாயைக் கிளறிக்கொண்டிருந்தது. விரட்ட யாரும் போகவில்லை.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி” என்றாள் தவமணி.

“சொன்னா, வாங்குறவரோட ஆளே கொண்டுபோற உறவுச்சுமை ஆயிரும்லக்கா. பொய்ப் பயணம்னு எங்க ரெண்டு பேரையும் பலகையவிட்டு எடுத்துருவாங்க. தெரிஞ்சு குடுத்தா உங்க கடையையும் மூடிருவாங்க. எங்க கல்யாணம் கோயில்ல நடந்தது, பதிவுல இல்ல. அந்தத் தைரியத்துலதான் ரெண்டு பேரும் இப்படிச் செஞ்சோம்.” அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தவமணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். “தினம் போன்ல பேசுவோம்க்கா. குரல் போதாதுன்னாரு. கையைப் பிடிச்சுக்கிட்டா வலி தெரியாதுன்னாரு.”

பொட்டலம் ஒன்றை எடுத்து, தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்தாள். மிளகாய் ஒன்றை முகர்ந்து பார்த்தாள். “இது இல்லாம சோறு எறங்காது அவருக்கு. கட்டிலுக்கடியிலயே வச்சுக்கிட்டு எப்படி இருந்தாரோ.”

அன்றைக்குப் போனவள் பிறகு மிளகாய் திருப்ப வரவில்லை.

தவமணி ராத்திரி படுத்தால் கணக்குப் போட்டாள். கழித்தல்கூலியில் வந்தது எவ்வளவு, சுழியத்துக்குக் கொடுத்திருந்தால் போயிருக்கக்கூடியது எவ்வளவு என்று பழக்கதோஷத்தில் மனம் கூட்டிக் கழித்துவிட்டு, விடையைச் சொல்லக் கூச்சப்பட்டது. சூசைக்குக் கொடுத்ததும் தப்பு என்று சொல்லிவிட முடியவில்லை. அவன் தம்பி அவனைப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

ஆனி பிறந்தபோது கோவையிலிருந்து புதிய ஆர்டர் ஒன்று வந்தது. மோர்மிளகாய், ஒரு பொட்டலம். பீர்முகம்மது. அதே ஆஸ்பத்திரி, அதே பகுதி, பக்கத்துக் கட்டில்.

தவமணி பலகையைத் திறந்தாள். கோவை வரிசையில் நோய் என்ற சொல் மேலிருந்து கீழ்வரை நின்றது. அவர்களில் ஒருவர் பீர்முகம்மதின் ஆள். எவர் என்று பலகை சொல்லாது. வாங்குகிறவருக்கு நீ யார் என்று கேட்பது குற்றம், சொல்வதும் குற்றம். மனைவியோ, மகனோ, சண்முகக்கனியைப்போல் பதிவில் ஏறாத யாரோ. முகம் பார்த்து விலை சொல்லத் தெரிந்தவள், முகத்தைக் கண்டுபிடிக்க எண்களை முறைத்துக்கொண்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்தால் வழி இருக்கிறமாதிரி தெரிந்தது. வைத்தியத்தில் எல்லாவற்றையும் தொலைத்த ஆளால் கழித்தல்கூலி கொடுக்க முடியாது. சுழியத்தில் ஒரே ஒருவர் நின்றார். கீழே இருந்த எண்கள் ஏலம்போல இறங்கிக்கொண்டேயிருக்க, சுழியம் மட்டும் அசையவில்லை. தவமணி சாயங்காலத்துக்குக் காத்திருக்கவில்லை. உச்சிப்பொழுது சாயுமுன்னே சுழியத்தைத் தொட்டாள். ‘குறைந்த செலவு வாய்ப்புகளைத் தவிர்க்கிறீர்கள். உறுதியா?’ என்று பலகை கேட்டது. உறுதி என்று அழுத்தினாள்.

கல்லூரிப் பிள்ளைமாதிரி இருந்த ஒருத்தி ஓடிவந்து பொட்டலத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யாரைப் பார்க்கப் போகிறாய் என்று தவமணி கேட்கவில்லை. வறுத்த மோர்மிளகாய் ஒரு பொட்டலத்தை வழியில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்று அவள் பையில் தனியாகப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து மாடியில் உட்கார்ந்திருக்கும்போது செல்போன் சிணுங்கியது. பீர்முகம்மது ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.

‘சரக்கு நல்ல சரக்கு. கொண்டுவந்தவர் தெரிந்தவர் இல்லை.’

அதற்குக் கீழே இன்னொரு பொட்டலத்துக்கு ஆர்டர் இருந்தது.