சித்தேரிப் பெட்டியில் இருபத்தெட்டு

"என் சிலந்திங்களை மாத்திட்டாங்க மேடம்" என்று சொல்லிக்கொண்டே பிரியதர்ஷினி உள்ளே வந்தாள்.

தருமபுரி பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வருபவை பெரும்பாலும் கல்யாண விசாரணைகள். துப்பறிவாளர் சுமலதா நாற்காலியைக் காட்டினார். உதவியாளர் மாதவராஜ் ஆவலோடு நிமிர்ந்தான்.

பிரியதர்ஷினி ஆராய்ச்சி மாணவி. சித்தேரி மலையிலும் தீர்த்தமலையிலும் தரையில் ஓடும் சிலந்திகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அவை இரண்டும் வெவ்வேறு இனம் என்பது அவளுடைய ஆய்வு. செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கைதான் சான்று.

"பொண்ணை விட ஆணுக்கு ரெண்டு குறைச்சல். குழப்பம் வேணாம்னு ஆணை மட்டும்தான் எண்ணுவோம். சித்தேரிக்கு இருபத்தாறு, தீர்த்தமலைக்கு இருபத்தெட்டு. தேர்வுக்காகப் புதுசா பிடிச்ச சித்தேரிச் சிலந்தியில இப்ப இருபத்தெட்டு வருது. அப்போ ரெண்டும் ஒரே இனம்னு ஆயிடும், என் ஆய்வே போச்சு. எனக்குக் காய்ச்சல், சிலந்திப் பெட்டி சரத்கிட்ட இருந்துச்சு. அவன்தான் தீர்த்தமலைச் சிலந்தியைப் போட்டு ஸ்லைடு பண்ணியிருக்கான். இன்னிக்கே புகார் குடுக்கப் போறேன்."

"சரத்தும் சிலந்தி ஆராய்ச்சியா?"

"இல்லைங்க. பக்கத்து ஆய்வகத்துல கேழ்வரகு, சாமை பாக்குறான். ஆனா நானும் அவனும் ஒரே வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கோம்."

"அவன்தான் மேடம்!" என்றான் மாதவராஜ்.

"இரு தம்பி. சிலந்தியப் பிடிச்சது யாரு?"

"எப்பவும் மாதுண்ணன். சித்தேரியில வெவசாயம் பண்றவரு. இந்தத் தடவை அவருக்கு விதைப்பு இருந்ததால, வாடகைக் கார் ஓட்டுற வீரமணி அண்ணன் பிடிச்சாரு. இப்ப என்னைக் கூட்டிட்டு வந்ததும் அவரு கார்தான்."

சுமலதா கீழே இறங்கினார். வீரமணி காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாது காட்டுன அதே எடந்தானுங்க. மலையடிவாரம்கூட இல்ல, மேலதான் புடிச்சேன்."

காரின் சாம்பல் கிண்ணத்தில் பட்டாணி அளவில் சில வெள்ளை உருண்டைகள் கிடந்தன.

"அதுங்களா? பூச்சிங்க எங்கியோ பொரண்டு பஞ்சை ஒட்டிக்கிட்டு வந்துச்சுங்க. பிச்சுப் போட்டுட்டுச் சுத்தமாத்தான் குடுத்தேன்."

சுமலதா உருண்டைகளைத் தீப்பெட்டியில் போட்டு மாதவராஜிடம் கொடுத்தார். பிறகு மாதுவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, எந்தச் சிலந்தியை நீங்க பிடிக்க மாட்டீங்க?"

"மூட்டை தூக்கிட்டுத் திரியறதத் தொடமாட்டோமுங்க. அது புள்ளத்தாச்சி. தொட்டா எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஆவாது."

சுமலதா கூப்பிட்டதில் மதியம் சரத்தும் வந்து சேர்ந்தான். முகம் வாடியிருந்தது.

"ஸ்லைடுக்கு வயித்தைத்தான் எடுத்தேங்க. மரபணுச் சோதனைக்கு ஆகும்னு தலைங்கள ஆல்கஹால்ல போட்டு வெச்சிருக்கேன்" என்று ஒரு குப்பியை நீட்டினான்.

"பாருங்கம்மா" என்றார் சுமலதா.

பிரியதர்ஷினி லென்ஸை வைத்துப் பார்த்தாள். ஆண் சிலந்திக்கு முகத்தின் முன்னே இருக்கும் இரு சிறு கைகளின் நுனி உப்பியிருக்கும். இவற்றில் உப்பலே இல்லை.

"எல்லாமே பொண்ணு!"

"முட்டைப் பருவம். பொண்ணுங்க எல்லாம் முட்டை மூட்டையோட திரியும். மாது அதுங்களைத் தொடமாட்டாரு, அதனால உங்களுக்கு வந்ததெல்லாம் ஆணு. பழகிப்போய் சரிபாக்குறதையே விட்டுட்டீங்க. வீரமணி கண்ணுக்கு மூட்டைதான் பளிச்சுனு தெரிஞ்சிருக்கு. சித்தேரி ஆணுக்கு இருபத்தாறுன்னா பொண்ணுக்கு?"

"இருபத்தெட்டு" என்றாள் பிரியதர்ஷினி, மெதுவாக. "தீர்த்தமலை ஆணுக்கும் இருபத்தெட்டு! தீர்த்தமலைப் பொண்ணா இருந்தா முப்பது வந்திருக்கணும். அப்போ என் கணக்கு தப்பில்ல. ரெண்டும் வேற வேற இனந்தான்!"

"யாரும் எதையும் மாத்தல. புதுக் கணக்கும் உங்க பக்கம்தான் பேசுது."

அவள் சரத்தின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்கோ சரத். உன்மேல புகார் குடுக்கக் கெளம்பிட்டேன்."

"ஆணா பொண்ணான்னு பாக்க எனக்கும் தெரியலையே. சாமையில ஆணும் பொண்ணும் ஒரே பூவுலயே இருக்கும், அந்தத் தொல்லை கெடையாது" என்றான் சரத். "டீ வாங்கிக் குடு, போதும்."

வாசலில் நின்ற வீரமணிக்கு மட்டும் முகம் மாறிவிட்டது. "அப்போ நான் பிச்சுப் போட்டது...?"

மாதவராஜ் தீப்பெட்டியைத் திறந்தான். கிழிந்திருந்த உருண்டையிலிருந்து கடுகளவுக் குஞ்சு ஒன்று அவன் கட்டைவிரலில் ஏறியது. அவன் போட்ட சத்தத்தில் கீழ்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"மூடிக்கோ தம்பி, கொட்டிராதே" என்று வீரமணி கார்ச் சாவியை எடுத்தார். "எல்லாரும் ஏறுங்க. அரூர்ல டீ குடிச்சுட்டு, இதுங்கள மலையிலயே கொண்டுபோய் விட்டுரலாம்."

முன் இருக்கையை சரத்துக்கு விட்டுக்கொடுத்து, பிரியதர்ஷினி தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.